காத்தம் நகரமும் கம்மாபுரமும்

சேத்தியாத்தோப்புக் கடைத்தெருவில் ஒரு பள்ளிக்கூடப் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, காத்தம் நகரம் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

"ஓ, தெரியுமே! பேட்மேன் இருக்கிற ஊர்!" என்று உடனே சொல்லுவான்.

"சரி, கம்மாபுரம் தெரியுமா?"

"தெரியும். விருத்தாசலம் போகிற பக்கம்."

"அங்கே 1993-ம் ஆண்டு என்ன நடந்தது?"

பையன் விழிப்பான். அவனைக் குறை சொல்ல வேண்டாம். அவன் தகப்பனாரைக் கேட்டாலும் பல வீடுகளில் இதே கதைதான்.

காத்தம், உலகத்தில் இல்லாத ஊர். கம்மாபுரம், நமக்குப் பக்கத்து ஊர். இல்லாத ஊரின் அநியாயம் நமக்கு மனப்பாடம். பக்கத்து ஊரில் நடந்த அநியாயமும், அது தண்டிக்கப்பட்ட விதமும் நமக்கு மறந்துவிட்டது. இரண்டு ஊர்களின் கதையையும் இன்று சேர்த்துப் பார்ப்போம்.

திருடர்களின் நகரம்

பேட்மேன் என்றால் வௌவால் மனிதன். அமெரிக்காவில் 1939-ம் ஆண்டு ஒரு படக்கதைப் புத்தகத்தில் பிறந்தவன். அவனை உண்டாக்கியவர்கள் இரண்டு பேர். பாப் கேன் படம் வரைபவர். பில் பிங்கர் கதை எழுதுபவர்.

வௌவால் மனிதனுக்கு ஓர் ஊர் வேண்டும் அல்லவா? பில் பிங்கர் டெலிபோன் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு நகைக்கடையின் பெயர் கண்ணில் பட்டது. அந்தக் கடையின் பெயர் "காத்தம்". அதையே ஊருக்குப் பெயராக வைத்துவிட்டார்.

இந்தப் பெயருக்கு ஒரு பழைய கதையும் உண்டு. இங்கிலாந்தில் காத்தம் என்ற கிராமம் இன்றும் இருக்கிறது. நம் ஊரில் பரமார்த்த குருவையும் அவருடைய சீடர்களையும் சொல்லிச் சிரிப்பது போல, அங்கே காத்தம் ஊர்க்காரர்களைச் சொல்லிச் சிரிப்பார்கள். குயில் பறந்து போகாமல் இருக்க அதைச் சுற்றி வேலி கட்டினார்களாம்! 1807-ம் ஆண்டு ஒரு எழுத்தாளர் நியூயார்க் நகரத்தைக் கேலி செய்ய இந்தப் பெயரைச் சூட்டினார். அது நிலைத்துவிட்டது. படக்கதையில் வரும் காத்தம் நகரமும் நியூயார்க்கை மனதில் வைத்து எழுதப்பட்டதுதான்.

அந்த ஊரில் எப்போதும் இருட்டு. சந்துக்குச் சந்து கொள்ளை. சினிமா பார்த்துவிட்டு வந்த பணக்காரத் தம்பதியை ஒரு திருடன் சுட்டுக் கொல்லுகிறான். சின்னஞ்சிறு மகன் பக்கத்தில் நின்று பார்க்கிறான். அந்த மகன்தான் வளர்ந்து, முகமூடி போட்டு, இரவில் திருடர்களை அடிக்கிறான்.

எல்லா ஊரிலும் திருடர்கள் இருப்பார்கள். காத்தம் நகரத்தின் பெரிய நோய் வேறு. அங்கே திருடனைப் பிடிக்க வேண்டியவர்களே கெட்டுப் போயிருக்கிறார்கள். 1987-ம் ஆண்டு வந்த ஒரு கதையில் போலீஸ் கமிஷனரே கெட்டவர். கார்டன் என்ற ஒரு நல்ல அதிகாரி தனியாக நின்று தவிக்கிறார். இன்னொரு கதையில், குற்றவாளிகளுக்குத் தண்டனை வாங்கிக் கொடுக்கும் சர்க்கார் வக்கீலே முகம் வெந்து, மனம் மாறி, கொள்ளைக்காரன் ஆகிவிடுகிறான்.

வேலியே பயிரை மேய்கிறது. ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? கதவைச் சாத்திக்கொள்ளுகிறார்கள். சாட்சி சொல்ல ஒருவரும் வருவதில்லை. ஆபத்து வந்தால் வானத்தில் வௌவால் படம் போட்ட விளக்கு எரியும். ஊரே அண்ணாந்து பார்க்கும். முகமூடிக்காரன் வருவானா?

வருவான், அடிப்பான், போவான். மறுநாள் திருட்டு மறுபடி நடக்கும். எண்பது வருஷத்துக்கு மேலாக அவன் அடித்துக்கொண்டே இருக்கிறான். அந்த ஊர் இன்னும் திருந்தவில்லை!

கம்மாபுரத்தில் நடந்தது

இப்போது நம்முடைய பக்கத்து ஊருக்கு வருவோம்.

விருத்தாசலத்துக்கும் சேத்தியாத்தோப்புக்கும் இடையில் உள்ளது கம்மாபுரம். அந்தப் பகுதியில் முதனை என்று ஒரு கிராமம். அங்கே ராஜாக்கண்ணு என்று ஒரு ஏழைத் தொழிலாளி இருந்தார். அவர் மனைவி பெயர் பார்வதி.

1993-ம் ஆண்டு ஒரு வீட்டில் நகை திருட்டுப் போனது. ராஜாக்கண்ணு மேல் போலீசார் சந்தேகப்பட்டார்கள். கம்மாபுரம் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். குடும்பத்தாருக்கும் அடி விழுந்தது. அதன் பிறகு ராஜாக்கண்ணு வீடு திரும்பவில்லை. "தப்பி ஓடிவிட்டான்" என்று போலீசார் சொன்னார்கள்.

பார்வதி என்ன செய்வார்? பணம் இல்லை. செல்வாக்கு இல்லை. எதிரே நிற்பது போலீஸ். காத்தம் நகரமாக இருந்தால் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அவர் உட்காரவில்லை. "என் புருஷன் எங்கே?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கத்துக் கம்யூனிஸ்டுத் தோழர்கள் துணைக்கு வந்தார்கள். விஷயம் சென்னைக்குப் போனது. வக்கீல் சந்துரு வழக்கை எடுத்துக்கொண்டார்.

ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. அது என்ன மனு? "நீ பிடித்து வைத்திருக்கும் ஆளைக் கோர்ட்டுக்குக் கொண்டு வந்து காட்டு" என்று சர்க்காரையே கேட்கும் மனு. எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பதில் சொல்ல முடியவில்லை. ஓடிப் போனதாகச் சொல்லப்பட்ட மனிதர் உயிரோடு இல்லை என்பது வெளியே வந்தது. விசாரணை நடந்தது. ஒரு வருஷம் இல்லை, இரண்டு வருஷம் இல்லை, பதின்மூன்று வருஷம்! 2006-ம் ஆண்டு ஐகோர்ட்டுத் தீர்ப்பு வந்தது. ராஜாக்கண்ணுவைக் கொன்ற போலீஸ்காரர்களுக்குச் சிறைத் தண்டனை உறுதியானது.

அதே 2006-ம் ஆண்டு சந்துரு ஐகோர்ட்டு நீதிபதி ஆனார். 2021-ம் ஆண்டு இந்த வழக்கைத் தழுவி "ஜெய் பீம்" என்ற சினிமாப் படம் வந்தது. சினிமாவைப் பார்த்து நாடே கண் கலங்கியது. ஆனால் அது நடந்த இடம் நம் வாசற்படி என்பதைப் பலர் எண்ணிப் பார்க்கவில்லை.

பதின்மூன்று வருஷம் சரியா?

சரி இல்லை. தாமதமாக வரும் நீதி, உலை ஆறிய பிறகு வரும் அரிசி மாதிரி. கோர்ட்டுகள் வேகமாக நடக்க வேண்டும். சர்க்கார் அதற்கு வழி செய்ய வேண்டும். இதை நாம் அழுத்திச் சொல்லுகிறோம்.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். முகமூடிக்காரன் ஒரே இரவில் திருடனை அடித்திருப்பான். அடுத்த ராஜாக்கண்ணுவுக்கு அதனால் என்ன லாபம்? ஒன்றும் இல்லை. கோர்ட்டுத் தீர்ப்பு அப்படி அல்ல. அது ஏட்டில் ஏறுகிறது. நாளைக்கு இன்னொரு ஏழை அதைக் காட்டி வாதாடலாம்.

அது மட்டும் அல்ல. ஆள் தெரியாமல் அடிக்கிறவன் தவறான ஆளை அடித்துவிட்டால் யாரைக் கேட்பது? ராஜாக்கண்ணுவைக் கொன்றதும் இந்தப் புத்திதான். "நாமே திருடனைக் கண்டுபிடித்தோம், நாமே அடிப்போம்" என்ற புத்தி! காக்கிச் சட்டை போட்டவர் செய்தாலும், முகமூடி போட்டவர் செய்தாலும், ஊர் கூடிக் கம்பத்தில் கட்டி வைத்துச் செய்தாலும் அது குற்றமே.

உண்மையான நியூயார்க்கையும் பாருங்கள். அங்கே 1990-ம் ஆண்டு 2,200 பேருக்கு மேல் கொலை செய்யப்பட்டார்கள். 2017-ம் ஆண்டு அது 300-க்கும் கீழே இறங்கியது. காரணம் ஒன்றே ஒன்று என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எந்த வௌவால் மனிதனும் வந்து அதைக் குறைக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்!

எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

இந்தப் பகுதியைத் தாய்மார்கள் வீட்டில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும்.

ஒருவரைப் போலீசார் கைது செய்தால், எதற்காக என்று சொல்ல வேண்டும். வீட்டாருக்கோ நண்பருக்கோ தகவல் கொடுக்க வேண்டும். கைது செய்ததற்கு ஒரு குறிப்பு எழுதி, சாட்சியின் கையெழுத்து வாங்க வேண்டும். 1996-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்த வேண்டும். இது அரசியல் சட்டம் கொடுத்த உரிமை.

சாட்சி விசாரணைக்காகப் பெண்களையும், 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களையும் போலீஸ் நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது. அவர்கள் இருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும்.

குற்றம் நடந்ததாகப் புகார் கொடுத்தால், பதிவு செய்த முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிவு செய்ய மறுத்தால், புகாரை மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டுக்குத் தபாலில் அனுப்பலாம்.

போலீஸ் நிலையங்களில் கண்காணிப்புக் கேமரா வைக்க வேண்டும் என்று 2020-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டிருக்கிறது.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? இலவசச் சட்ட உதவி இருக்கிறது. ஏழைகள், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவிலும் கேட்கலாம்.

போலீசாரில் நல்லவர்கள் ஏராளம். வெயிலிலும் மழையிலும் நமக்காக நிற்கிறார்கள். அந்த நல்லவர்களுக்கும் இந்த விதிகள்தான் பாதுகாப்பு. மேலதிகாரி தப்பு செய்யச் சொன்னால், "சட்டம் இடம் தராது ஐயா" என்று அவர்கள் சொல்ல முடியும் அல்லவா?

பிள்ளைகள் படக்கதை படிக்கட்டும்

பேட்மேன் கதையைப் படிக்காதே என்று பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம். படக்கதை படித்துத் தமிழ் கற்றவர்கள் நம் நாட்டில் எத்தனையோ பேர். 1972-ம் ஆண்டு சிவகாசியில் "முத்து காமிக்ஸ்" தொடங்கியது. "இரும்புக்கை மாயாவி"க்காகக் கடைவாசலில் காத்துக் கிடந்த பிள்ளைகள் இன்று தாத்தாக்கள்!

காத்தம் நகரத்தின் கதையைப் பிள்ளைகள் படிக்கட்டும். படித்து முடித்ததும் கம்மாபுரத்தின் கதையை நீங்கள் சொல்லுங்கள். பார்வதி பறக்கவில்லை. சுவர் ஏறிக் குதிக்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வியை, கேட்க வேண்டிய இடத்தில், பதில் வரும் வரை கேட்டார். சாட்சிகள் பேசினார்கள். வக்கீல் வாதாடினார். நீதிபதிகள் எழுதினார்கள். அடி மேல் அடி வைத்து அம்மியை நகர்த்தினார்கள்.

நாளைக்கு நம் தெருவில் ஓர் அநியாயம் நடந்தால் என்ன செய்யப் போகிறோம்? கதவைச் சாத்திக்கொண்டு வானத்தைப் பார்ப்பதா? பாதிக்கப்பட்டவரோடு போலீஸ் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் துணைக்குப் போவதா?

கூட ஒருவர் போனால் போதும். ஏழையின் பயத்தில் பாதி போய்விடும்.