கட்டி கரைந்தால் மட்டும் போதுமா?

பிள்ளையின் கழுத்திலோ கன்னத்திலோ பிறவியிலேயே ஒரு வீக்கம். "நிணநீர்க் குழாய்களின் பிறழ்வு" என்கிறார் வைத்தியர். சில ஆயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவிலேயே காணப்படுவதால், எம்மவருள் பலர் இப்பெயரைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். கருவில் நிணநீர்க் குழாய்கள் முறையாக உருவாகாது, பைகளாகித் திரவம் நிரம்பி நிற்பதே இக்குறைபாடு. இது புற்றுநோய் அன்று, தொற்றுவதும் இல்லை. ஆயினும் தடிமன் காய்ச்சல் வந்தாலே திடீரெனப் பெருத்துவிடும். நாக்கில் இருப்பின் இரத்தம் கசியும், பேச்சுத் தடைப்படும்.

பைகள் பெரியனவாயின் திரவத்தை உறிஞ்சி, மருந்தேற்றிச் சுருங்கச் செய்வர். நுண்ணிய பைகளோ தசைகளையும் நரம்புகளையும் ஊடுருவி நிற்பதால் முழுமையாக வெட்டியெடுத்தல் கடினம். முக நரம்பு காயப்பட்டால் வாய் கோணிவிடும். அண்மைய ஆண்டுகளில் சிரோலிமஸ் என்னும் மருந்தும் பயன்படுகிறது. (ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து கிடைத்தது இது!) எனினும் பல பிள்ளைகளுக்குச் சிகிச்சை ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது.

இந்நிலையில், சிகிச்சை வென்றதா என்பதை எதைக்கொண்டு அளப்பது? ஸ்கான் படத்தில் கட்டியின் பருமனைப் பார்ப்பது ஒரு வழி. பிள்ளையையே கேட்பது மற்றொன்று. சிறுவர்களின் வாழ்க்கைத்தரத்தை அறிய உலகெங்கும் கையாளப்படும் பெட்ஸ்கியூஎல் என்னும் வினாக்கொத்தில் 23 வினாக்கள் உள்ளன. உடல்நலம், மனநிலை, தோழமை, பள்ளி வாழ்வு ஆகிய நான்கையும் அவை தொடுகின்றன. 5 வயதுப் பிள்ளையே தன் விடையைத் தரலாம். பெற்றோருக்குத் தனிப்படிவம் உண்டு. இருவரின் விடைகளும் பல வேளைகளில் வேறுபடுவதே கவனிக்கத்தக்கது. கண்ணுக்குத் தெரியும் உடல்நலத்தைப் பற்றி ஓரளவு ஒத்துப்போகும் விடைகள், பிள்ளையின் மனத்தைப் பற்றியும் தோழமையைப் பற்றியும் விலகிப்போகின்றன. பள்ளி இடைவேளையில் நடப்பதை நாம் எங்ஙனம் அறிவோம்?

எமது குடும்பங்களில் இவ்விடைவெளி மேலும் பெரிது. வைத்தியர் பேசுவதைப் பிள்ளையோ, மூத்த அக்காவோதான் தாய்க்கு மொழிபெயர்க்கிறார்கள். தன் முகத்தைப் பற்றிய கவலையை ஒரு பிள்ளை தானே மொழிபெயர்த்துச் சொல்லுமா? அம்மா அழுவாள் என்று விழுங்கிவிடும். பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளருக்குக் கட்டணம் இல்லை. வெட்கப்படாது கேளுங்கள். ஏனைய நாடுகளில் உள்ளோரும் வைத்தியசாலையில் விசாரியுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட இயலாது. "கிரகணத்தில் வெளியே போனாயா?", "யார் பக்கத்துக் குறை?" என்ற கேள்விகள் விமானமேறி இங்கும் வந்துவிட்டன. இப்பிள்ளைகளுட் பெரும்பாலானோரின் பாதிக்கப்பட்ட திசுவில் பிஐகே3சிஏ என்னும் மரபணு மாறியிருப்பதை 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. அம்மாற்றம் கரு உருவான பின்னர், உடலின் ஒரு பகுதிக் கலங்களில் மட்டும் நிகழ்வது. தாய்வழியும் அன்று, தந்தைவழியும் அன்று. மூத்தவளின் சம்பந்தம் குழம்பிவிடும் என்றஞ்சித் தம்பியைக் கலைவிழாவுக்கு அழைத்து வராத வீடுகளுக்கு இதைவிட என்ன சொல்வது? ஊசி குத்திய நோவு சில நாளில் ஆறும். வீட்டில் ஒளித்துவைக்கப்பட்ட பிள்ளைக்கு எந்த வைத்தியர் மருந்து தருவார்?

இளையோரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. பொதுவாக 18 வயதளவில் சிறுவர் வைத்தியசாலையை விட்டு நீங்கிப் பெரியோர் பிரிவுக்குச் செல்வீர்கள். அங்குள்ளோர் உங்களை முதன்முறை காண்பவர்கள். எந்த மருந்து எத்தனை முறை ஏற்றப்பட்டது, எந்தச் சத்திரசிகிச்சை எப்போது நடந்தது என்பதைப் பெற்றோரிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கான் அறிக்கைகளின் படிகளையும் கையில் வைத்திருங்கள்.