காசு கொடுத்துக் காற்று வாங்கலாமா?

வண்டி வைத்திருக்கும் நம் வணிகர்களிடையே ஒரு பேச்சு பலமாக அடிபடுகிறது. டயரில் சாதாரணக் காற்று அடிக்கக் கூடாதாம், நைட்ரஜன்தான் அடிக்க வேண்டுமாம். அடித்தால் டயர் வெடிக்காது, மைலேஜ் கூடும், டயர் இரண்டு மடங்கு உழைக்கும் என்கிறார்கள். கடைக்காரர் டயருக்கு இருபது, முப்பது என்று வாங்கிக்கொண்டு வால்வுக்கு ஒரு பச்சை மூடியும் போட்டு அனுப்புகிறார். மூட்டையைக் குத்தூசி போட்டுப் பார்த்து வாங்கும் நாம், இதை மட்டும் பார்க்காமலே வாங்குகிறோம்.

நாம் மூச்சு விடும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். 21 பங்கு பிராணவாயு. கடையிலுள்ள இயந்திரம் அந்தப் பிராணவாயுவையும் ஈரத்தையும் பிரித்துத் தள்ளிவிட்டு மீதியைத் தருகிறது, அவ்வளவே. நம் கடைகளில் தொங்கும் சிப்ஸ் பொட்டலம் உப்பியிருக்கிறதே, அதில் இருப்பதும் இதே நைட்ரஜன்தான். பிராணவாயு பட்டால் எண்ணெய் காறிப்போகும் என்பதற்காக அடைக்கிறார்கள்.

டயரில் இதனால் லாபமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிராணவாயு ரப்பர் வழியாகச் சற்று வேகமாகக் கசியும், நைட்ரஜன் மெதுவாகக் கசியும். அமெரிக்காவில் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ என்ற நுகர்வோர் பத்திரிகை 31 வகை டயர்களில் 30 பாயிண்ட் அடித்து, ஒரு வருடம் வெளியே வைத்துப் பார்த்து 2007-ல் முடிவை வெளியிட்டது. சாதாரணக் காற்று 3.5 பாயிண்ட் குறைந்தது, நைட்ரஜன் 2.2 பாயிண்ட் குறைந்தது. வருடம் முழுவதற்கும் வித்தியாசம் ஒன்றேகால் பாயிண்ட் சொச்சம். ஆணி குத்தினாலும் வால்வு கசிந்தாலும் இரண்டும் ஒரே வேகத்தில்தான் போகும்.

விமானத்தில் நைட்ரஜன்தானே அடிக்கிறார்கள் என்று கேட்பார்கள். உண்மைதான். 1986 மார்ச் 31-ல் மெக்சிகோவில் ஒரு விமானம் விழுந்து 167 பேர் இறந்தார்கள். பிரேக் அளவுக்கு மீறிச் சூடேறி, சாதாரணக் காற்று அடித்திருந்த டயர் வானத்திலேயே வெடித்தது காரணம். மறு வருடமே அமெரிக்க அரசு பெரிய விமானங்களுக்கு நைட்ரஜனைக் கட்டாயமாக்கியது. அந்தச் சூடும் அந்த அழுத்தமும் வேறு. செஞ்சி ரோட்டில் அரிசி மூட்டையோடு போகிற குட்டியானைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

2019 ஜூலையில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, டயரில் நைட்ரஜன் நிரப்புவதைக் கட்டாயமாக்க யோசிப்பதாக மாநிலங்களவையில் சொன்னார். அதற்குப் பிறகுதான் இந்த வியாபாரம் சூடு பிடித்தது என்பது என் எண்ணம். வெயிலில் நைட்ரஜன் விரியாது என்று சிலர் சொல்வது தவறு. பத்து டிகிரி சூடு ஏறினால் எந்த வாயுவானாலும் ஏறக்குறைய ஒன்றரை பாயிண்ட் ஏறத்தான் செய்யும். டயர் வெடிப்பது பெரும்பாலும் காற்று குறைவாலும், பாரம் அதிகத்தாலும், தேய்ந்த டயராலும். காற்று குறைந்த டயரின் பக்கவாட்டு மடிந்து மடிந்து சூடேறுகிறது. முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றுபவர் எந்த வாயுவை அடித்தும் பயனில்லை. முன்னால் உட்கார்ந்திருப்பவர் நம் டிரைவர், பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்து வருபவர் நம் லோடுமேன். அவர்கள் வீட்டுக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொரு சூட்சுமம் உண்டு. இருக்கிற காற்றை முழுவதும் இறக்கி, பிறகு நைட்ரஜன் அடித்தால்கூட உள்ளே ஏழு பங்கு பிராணவாயு தங்கிவிடும். மறுபடி இறக்கி ஏற்றினால்தான் சுத்தமாகும். அதுவும் செய்யாமல், 25 பாயிண்ட் பழைய காற்றின் மேல் 5 பாயிண்ட் நைட்ரஜன் ஏற்றி முழுக் காசு வாங்கும் கடையை நானே பார்த்திருக்கிறேன். அந்த டயரில் பதினெட்டுப் பங்குக்கு மேல் பிராணவாயு அப்படியே இருக்கும். இது அரிசியில் நொய் கலப்பதைவிட மோசம், நொய்யாவது கண்ணுக்குத் தெரியும்.

புது டயர் வாங்கும்போது சும்மா அடித்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிமாநிலம் ஓடி, டயரை ரீட்ரெட் செய்து பலமுறை உழைக்க வைக்கும் லாரிக்காரருக்கு உள் ரப்பர் கெடாமல் இருப்பதில் ஏதோ லாபம் உண்டு. ஊருக்குள் சரக்கு போடும் நமக்கு அந்தக் காசு வீண். அதே காசில் ஒரு நல்ல பிரஷர் கேஜ் வாங்கி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை காலையில் வண்டி எடுக்குமுன், டயர் சூடேறாத நேரத்தில் பார்த்தால் போதும். எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது டிரைவர் கதவோரம் ஒட்டிய சீட்டிலோ வண்டிப் புத்தகத்திலோ இருக்கும். ஸ்டெப்னியை மறக்க வேண்டாம்.

பெட்ரோல் பங்கில் காற்று இலவசம் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. ஆனால் பல இடங்களில் மிஷின் ரிப்பேர் என்ற அட்டைதான் தொங்குகிறது. பங்கில் புகார்ப் புத்தகம் உண்டு, கேட்டு வாங்கி எழுதுங்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகவே கொண்டுவரும்படி நம் செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.