திருத்தக் குறிப்பு இல்லாத இதழ்கள்

ஆராய்ச்சி இதழில் வெளிவந்த கட்டுரை ஒன்றில் பிழை காணப்பட்டால் அவ்விதழ் செய்ய வேண்டுவது யாது? அறிவியல் துறை இதழ்கள் பலவும் இவ்வினாவிற்கு எழுதப்பட்ட நெறிமுறைகளைக் கொண்டுள்ளன. தமிழாய்வு இதழ்களுள் பெரும்பாலானவை இவ்வினாவை எழுப்பிக்கொண்டதாகவே தெரியவில்லை. நம் இதழ்த் தொகுதிகளைப் புரட்டினால் கட்டுரைகள் உள்ளன. நூல் மதிப்புரைகள் உள்ளன. முந்தைய இதழின் பிழையைச் சுட்டும் பக்கத்தைக் காண்பது அரிது. பிழையே நிகழாமையால் அப்பக்கம் இல்லை என்று கூற எவரும் துணியார். பிழையை அறிவிக்கும் வழக்கம் இல்லாமையே காரணம் என்பதும், அவ்வழக்கின்மை ஆய்வறத்திற்கு மாறானது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

பெங்களூரு காட்டும் சான்றுகள்

பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ஆய்வுக் குழு ஒன்று 2020 அக்டோபரில் 'நேச்சர் கெமிக்கல் பயாலஜி' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. அதன் படங்கள் குறித்து வாசகர்கள் ஐயம் எழுப்பினர். படங்களில் முறைகேடு நிகழ்ந்துள்ளமை தெரியவந்தபின், 2021இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஓராண்டிற்குள் இது நிறைவேறியது என்பதைவிட அது நிறைவேறிய முறையே நாம் கருதத்தக்கது. கட்டுரை மறைக்கப்படவில்லை. திரும்பப் பெறப்பட்டது என்னும் அடையாளத்துடன் இன்றும் அதே இடத்தில் உள்ளது. காரணம் கூறும் குறிப்பு அதனுடன் இணைக்கப்பட்டுள்ளது. பிழையும் பிழையின் வரலாறும் ஒருங்கே பாதுகாக்கப்பட்டன.

இதற்கு எதிர்நிலைச் சான்று பழையது. பஞ்சாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விசுவஜித் குப்தா இமயமலைப் புதைபடிவங்கள் குறித்து இருபது ஆண்டுகளுக்கு மேலாக நூற்றுக்கு மேற்பட்ட கட்டுரைகள் எழுதினார். வேற்று நாடுகளில் கிடைத்த படிவங்கள் இமயத்தில் கிடைத்தனவாகக் காட்டப்பட்டுள்ளன என்பதை ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் டேலன்ட் 1989இல் 'நேச்சர்' இதழில் வெளிப்படுத்தினார். பெங்களூரிலிருந்து வெளிவரும் இந்திய நிலவியல் கழகத்தின் இதழ், டேலன்டும் பிறரும் எழுதிய விரிவான மறுப்பினை 1990இல் வெளியிட்டது. நம் நாட்டு இதழொன்று இவ்வாறு இடம் அளித்தமை பாராட்டிற்கு உரியது. ஆயினும் மறுப்பு ஓரிடத்திலும் மறுக்கப்பட்டது பல இடங்களிலும் இருந்தன. நூலகத்தில் பழைய தொகுதியை மட்டும் எடுத்துப் படிக்கும் மாணவனுக்கு அப்பக்கத்தில் எவ்வெச்சரிக்கையும் இல்லை. மறுப்புக் கட்டுரை ஒன்றே போதும் என்பார்க்கு இதுவே விடையாகும்.

மரபு நமக்கு உண்டு

இவையெல்லாம் மேனாட்டு அறிவியல் வழக்கங்கள்; தமிழாய்விற்குப் பொருந்தா என்று கூறுவோர் உளர். இக்கூற்று தமிழ் மரபை அறியாதார் கூற்று. பிறர் நூலில் உள்ள குற்றத்தைக் காட்டுதலை நன்னூல் எழுவகை மதங்களுள் ஒன்றாக வைத்தது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு உரை வகுத்த சேனாவரையர், தமக்கு முற்பட்ட இளம்பூரணரின் கருத்துகளைப் பல இடங்களில் எடுத்துக் காட்டி மறுத்தார். சீவக சிந்தாமணியை 1887இல் வெளியிட்ட உ.வே. சாமிநாதையர், மேலும் கிடைத்த ஏடுகளைக் கொண்டு திருத்தி 1907இல் இரண்டாம் பதிப்பினை வெளியிட்டார். பழைய அச்சு நூல்களின் இறுதியில் 'பிழையும் திருத்தமும்' என்னும் பட்டியல் இருந்தது. அதனால் அந்நூல்களின் மதிப்புக் குறைந்ததில்லை.

கருநாடகத் தமிழ்க் கல்வெட்டுகளும் இதற்குச் சான்றாகும். தொம்லூர்ச் சொக்கநாதசாமி கோயில் உள்ளிட்ட பெங்களூர் வட்டாரக் கல்வெட்டுகளை லூயி ரைஸ் 1905இல் 'எபிகிராபியா கர்நாடிகா' ஒன்பதாம் தொகுதியில் பதிப்பித்தார். அவ்வரிசையின் திருத்திய பதிப்புகளை மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் கன்னட ஆய்வு நிறுவனம் 1972 முதல் வெளியிடலாயிற்று. ரைசின் புகழ் இதனால் குன்றவில்லை.

எனினும் நன்னூல் கூறும் எழுவகை மதங்களுள் தன் நூற்குற்றத்தைத் தானே காட்டல் என ஒன்று இல்லை. பிறரை மறுக்கும் மரபினை நாம் போற்றினோம். தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும் கடமையைத் தனிமனிதரின் பெருந்தன்மைக்கு விட்டுவிட்டோம். இதழ் என்னும் நிறுவனம் அக்கடமையை ஏற்கவில்லை.

மௌனத்தின் விளைவு

கல்வெட்டு வரியொன்று தவறாகப் படிக்கப்படுகிறது என்க. அவ்வாசிப்பு கட்டுரையாகிறது, கட்டுரை முனைவர் பட்ட ஆய்வேட்டில் மேற்கோளாகிறது, ஆய்வேடு நூலாகிறது, நூல் தேர்வு வழிகாட்டிகளில் வினாவும் விடையுமாக நிலைபெறுகிறது. மூலக் கட்டுரையாளர் தம் கருத்தை மாற்றிக்கொண்டாலும் இச்சங்கிலி அறுபடுவதில்லை. ஏனெனில் அம்மாற்றம் அவருடைய மாணவர் சிலருக்கு மட்டுமே தெரியும். பிழையைக் கண்டு இதழுக்கு எழுதும் இளம் ஆய்வாளருக்கோ பெரும்பாலும் மறுமொழி கிடைப்பதில்லை. கிடைப்பின், மூத்தோரை மதிக்கும்படி அறிவுரை கிடைக்கிறது. மூத்தோரை மதித்தல் வேறு. அவர் எழுதியதைப் பிழையோடு நிலைபெறச் செய்தல் வேறு. பின்னது அவமதிப்பேயாம்.

விதிகள் செய்வன

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டைத் தடுக்கும் விதிமுறைகளை வெளியிட்டது. ஒப்புமை 10 விழுக்காட்டிற்கு மிகின் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்றும், 60 விழுக்காட்டிற்கு மிகின் இரண்டு ஆண்டு ஊதிய உயர்வு மறுக்கப்படும் என்றும் அவை கூறும். நன்று. ஆனால் அவ்வளவுகோல் அளப்பது சொல்லொப்புமையை மட்டுமே. தவறாகப் படிக்கப்பட்ட கல்வெட்டு, பிறழ உணரப்பட்ட உரை, இல்லாத சுவடியை இருப்பதாகச் சுட்டிய குறிப்பு ஆகியவை கணினிக்குத் தூயனவாகவே தோன்றும். இதழ்களின் தரப்பட்டியலைப் பேணிய முறையையும் அக்குழு 2025 பிப்ரவரியில் கைவிட்டது. தரம் காக்கும் பொறுப்பு இன்று துறைகளிடமும் பதிப்பாசிரியர்களிடமுமே உள்ளது.

தேசிய நிறுவனத் தரவரிசை 2025 முதல் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கிறது. 2023இல் மட்டும் உலக அளவில் 10,000க்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்ட நிலையில் இத்தகைய கடுமை எழுந்தது இயல்பே. எனினும் இதில் ஓர் இடர் உண்டு. மோசடி வெளிப்பட்டதால் விலக்கப்பட்ட கட்டுரையும், தம் பிழையைத் தாமே உணர்ந்த ஆய்வாளர் முன்வந்து விலக்கிய கட்டுரையும் ஒரே தட்டில் நிறுக்கப்படுமாயின், நேர்மையாளர் வாய்மூடுவர். நிறுவனங்கள் மறைக்கக் கற்கும். திரும்பப் பெறுதலின் நோக்கம் ஆய்வுப் பதிவைத் திருத்துதலே, ஆசிரியரைத் தண்டித்தல் அன்று என்பது பன்னாட்டு வெளியீட்டு அறநெறிக் குழுவின் நிலைப்பாடு. அதனைத் தரவரிசை வகுப்போர் கருத்தில் கொள்ளல் வேண்டும்.

செய்யத்தக்கன

பொருள் இல்லை, ஆள் இல்லை என்னும் தடை இங்குப் பொருந்தாது. திருத்தக் குறிப்பிற்கு வேண்டுவது அரைப் பக்கமே.

முதலாவது, ஒவ்வொரு தமிழாய்வு இதழும் திருத்தங்களுக்கு நிலையான பக்கம் ஒதுக்கி, அதனைப் பொருளடக்கத்தில் காட்டுதல் வேண்டும். இரண்டாவது, அச்சுப்பிழை, முடிவைப் பாதிக்காத கருத்துப்பிழை, முடிவையே வீழ்த்தும் பிழை, முறைகேடு ஆகிய நான்கினையும் வேறுபடுத்திப் பெயரிடல் வேண்டும். முன்னிரண்டிற்குத் திருத்தமும் பின்னிரண்டிற்குத் திரும்பப் பெறுதலும் உரியன. மூன்றாவது, பிழை சுட்டி வரும் மடலுக்குக் குறித்த காலத்திற்குள் எழுத்து மூலம் விடையளித்தல் வேண்டும். அவ்விடையைத் தீர்மானிப்போருள் கட்டுரையாளரோ அவருடைய நெறியாளரோ இருத்தல் கூடாது. நான்காவது, இணையத்தில் உள்ள கட்டுரையை ஓசையின்றி மாற்றுதலோ நீக்குதலோ கூடாது; மாற்றமும் நாளும் காரணமும் கட்டுரையின் தலைப்பிலேயே தெரிதல் வேண்டும். அச்சுத் தொகுதிக்கு, நூலகங்கள் உரிய பக்கத்தில் ஒட்டுதற்குரிய சிறு சீட்டினை அடுத்த இதழோடு அனுப்பலாம்.

நடுநிலையோடு ஆராய்ந்து கட்டுரையை ஏற்றுக்கொண்டதாக ஒவ்வொரு பதிப்புக் குழுவும் தன் அட்டையில் அறிவிக்கிறது. வெளியிடும் நாளோடு அந்நடுநிலை முடிந்துவிடுமாயின் அவ்வறிவிப்புப் பொய்யாகும். எனவே தமிழாய்வு இதழ்களின் ஆசிரியர் குழுக்கள் தம் அடுத்த இதழிலேயே திருத்த நெறியினை அச்சிட்டு அறிவித்தல் கடமையாகும்.