வெந்த மலைக்கு விருந்தினராய்



ஆரணியில் நெசவாளர் தெரு ஒன்றின் வழியாக விடியற்காலையில் நடந்திருக்கிறீர்களா? தெருவின் நீளத்திற்குப் பாவு நீட்டிக் கட்டப்பட்டிருக்கும். கணவனும் மனைவியும், அண்டை வீட்டாரும் கூடி நின்று, இழை இழையாய்ப் பார்த்து, அறுந்ததை முடிந்து கொண்டிருப்பர். அவ்வழியே வருகிறவர் எவராயினும் மிதிவண்டியை விட்டிறங்கி, ஓரமாய் ஒதுங்கி, மெல்லக் கடந்து போவார். "ஒதுங்கிப் போ" என்று அங்கே பலகை ஏதும் இல்லை. ஒரு குடும்பத்தின் சோறு அந்த இழைகளில் தொங்குகிறது என்பதை ஊரார் அறிவர், அவ்வளவே.

சென்ற கோடையில் அத்தகைய ஒரு காலையில், பாவின் ஒரு முனையைப் பிடித்தபடி நெசவாள நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, பிள்ளைகளுக்கு விடுமுறை. ஜவ்வாது மலைக்குப் போய் வரலாமென்று நினைத்திருந்தோம். மலையில் தீப்பிடித்து ஒரு பக்கம் கருகிக் கிடக்கிறதாம். இந்த நிலையில் போவது சரிதானா? போகாமல் இருப்பதுதான் நல்லதா?"

கேள்வி சிறிது, விடையோ எளிதன்று. போகவே கூடாது என்பார் சிலர். எரிந்த காட்டையும் பார்த்துவிட்டு, படமும் எடுத்து வரலாம் என்பார் சிலர். இரண்டுமே சரியல்ல என்பது என் கருத்து.

முதலில் ஒன்றை நினைவில் கொள்வோம். ஜவ்வாது மலை நமக்கு அயலூர் அன்று. ஆரணியைத் தழுவிச் செல்லும் கமண்டல நாகநதி அம்மலைத் தொடரின் நீரைத்தான் கொண்டு வருகிறது. பின்னர்ச் செய்யாற்றோடு கலக்கிறது. அச்செய்யாறும் அம்மலையின் மகளே. நம் கிணற்றில் ஊறும் நீருக்கும், பட்டு அலசும் தொட்டிக்கும் அந்த மரநிழலே காவல். போளூர் வழியாக ஏறினால் வரும் சமுனாமரத்தூரையும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களையும் இல்லமாகக் கொண்டவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களிடையே வழங்கிவரும் கதை. அப்படியாயின், பட்டுக்குப் பேர்போன காஞ்சியின் பக்கத்தில் வாழும் நமக்கு அவர்கள் பழைய அண்டை வீட்டாரன்றோ!

தமிழகக் காடுகளில் பிப்ரவரி முதல் சூன் வரை தீக்காலம். மரங்கள் இலையுதிர்த்து, சருகு முழங்காலளவு கிடக்கும். உண்ணிச்செடிப் புதர்கள் காய்ந்து விறகாய் நிற்கும். அணைக்காத பீடித்துண்டு ஒன்று போதும். நம் நாட்டுக் காட்டுத் தீயில் மிகப் பெரும்பகுதி மனிதர் கையால் மூள்வதே. பெரும்பாலும் அது தரையோடு ஓடும் தீ. பெருமரங்கள் தப்பி நிற்கும். ஆயினும் சருகும் புல்லும் இளங்கன்றும் சாம்பலாகும். போர்வை இழந்த மண்ணை முதல் பெருமழை அரித்து ஓடைக்குக் கொண்டுபோகும். தேனீக்கள் கூட்டை விட்டுப் பறந்துவிடும். கடுக்காயும் தேனும் சேகரித்து வாழும் குடும்பத்திற்கு அந்த ஆண்டின் வருவாய் குறையும். தீ மூன்று நாளில் அணையலாம். அதன் பின்விளைவு மூன்று மழைக்காலத்திலும் தீராது.

தீயின் கொடுமையை நமக்குக் கண்ணீரோடு கற்பித்தது குரங்கணி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், காய்ந்த புல் மண்டிய சரிவில் மலையேற்றக் குழுவினர் தீக்கிடையே அகப்பட்டனர். சரிவில் தீ மேல்நோக்கி விரைந்து பாயும். ஓடுகிற மனிதனைவிட அது வேகமானது. அங்கேயே மாண்டோரும், மருத்துவமனையில் பல நாள் போராடி மாண்டோருமாக 23 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் இளம் வயதினர். மலையை நேசித்தே அவர்கள் போனார்கள். ஆனால் தீக்காலத்து மலைக்கு நேசம் மட்டும் போதாது. அதே ஆண்டில் மலையேற்றத்திற்கென அரசு தனி விதிகளை வகுத்தது.

அணைந்த பின்னும் ஆபத்து அகலுவதில்லை. கானடா நாட்டில் ஜாஸ்பர் என்றொரு மலை நகரம். 2024 சூலையில் காட்டுத் தீ ஊருக்குள் புகுந்து, கட்டடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைச் சாம்பலாக்கியது. அடுத்த மாதத் தொடக்கத்தில், தீயணைப்புப் பணியிலிருந்த இளைஞர் ஒருவர் மரம் சாய்ந்து உயிரிழந்தார். வேர் வெந்த மரம் நிற்பது போல் தோன்றும். எப்போது விழும் என்று எவரும் சொல்ல இயலாது. அந்நகரத்தார்க்கோ சுற்றுலாவே பிழைப்பு. விருந்தினர் வராவிடில் அடுப்பு எரியாது. வந்து கூடினாலோ, வீடிழந்தவர் துயரம் காட்சிப் பொருளாகிவிடும். இந்த இருதலைச் சங்கடம் சமுனாமரத்தூருக்கும் பொருந்தும்.

நெசவாளர்க்கு இதை விளக்கவும் வேண்டுமோ! 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கை எண்ணிப் பாருங்கள். திருமணக் கூட்டங்கள் சுருங்கின. பட்டுக்குக் கேட்பார் இல்லை. நெய்த சேலை பெட்டியிலேயே உறங்கிற்று. "ஐயோ பாவம்" என்று சொல்லிச் சென்றோர் பலர். அவர்களால் ஒரு தறியும் ஓடவில்லை. விலை பேசாது ஒரு சேலை வாங்கிச் சென்றாரே, அவரை அன்றோ இன்றும் நினைக்கிறோம்! மலையில் இருப்போரும் அவ்வாறே நம்மை எதிர்பார்க்கின்றனர்.

ஆகவே நண்பரிடம் நான் சொன்னது இதுதான்: "போய் வாருங்கள், ஆனால் விருந்தினராய்ப் போங்கள்."

விருந்தினர் முதலில் வீட்டாரைக் கேட்பார். புறப்படுமுன் வனத்துறையிடம் விசாரியுங்கள். எந்த வழி திறந்துள்ளது, எது மூடப்பட்டுள்ளது என அறிந்து செல்லுங்கள். தீ எரியும் நாட்களில் பயணத்தைத் தள்ளிவையுங்கள். அணைக்கும் பணிக்கு நம் வண்டி வழிமறிக்கக் கூடாது. மழைக்குப் பின் போனால் அருவியிலும் நீர் காணலாம்.

கருகிய சரிவில் கால் வைக்காதீர்கள். சாம்பலுக்கு அடியில் கனல் இருக்கலாம். பட்ட மரம் விழலாம். எல்லாவற்றிலும் மேலாக, அங்கே துளிர்க்கும் கன்று நம் காலடியில் மாளும். காட்டில் அடுப்பு மூட்டாதீர்கள். காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டப்படியே குற்றம். சோறு கட்டிக்கொண்டு போகும் பழக்கத்தை ஒரு நாள் விட்டு, மலையில் உள்ள சிறு கடையிலேயே உண்ணுங்கள். சாமை, தேன், புளி ஆகியவற்றை அங்கே விளைவிப்போரிடமே, அவர் சொல்லும் விலைக்கே வாங்குங்கள். நெகிழிப் பையும் புட்டியும் நம்மோடே திரும்பி வரட்டும். எரிந்த கொல்லையையோ, அதன் முன் நிற்கும் முதியவரையோ கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

இடம் தாங்கும் அளவும் உண்டு. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இணையவழி அனுமதிச் சீட்டு நடைமுறைக்கு வந்தது ஏன்? மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்ற கேள்வி எழுந்ததால்தான். சமுனாமரத்தூர் அவற்றினும் மிகச் சிறியது. ஐந்து குடும்பம் ஐந்து வண்டியில் போவதற்குப் பதிலாக, ஒரே வண்டியில் போனால் செலவும் குறையும். மலைக்கும் பாரம் குறையும்.

பெற்றோர்க்கு ஒரு சொல். கருகிய சரிவைத் தொலைவிலிருந்தே பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். "நம் ஆற்றின் தாய் இவள், இப்போது நோயுற்றிருக்கிறாள்" என்று சொல்லுங்கள். நோயாளி இருக்கும் வீட்டில் எப்படி நடக்க வேண்டுமென்பதைக் குழந்தைகள் நாம் சொல்லாமலே அறிவர்.

நான் பேசி முடித்தபோது நண்பரின் கடைக்குட்டி தெருவின் குறுக்கே ஓடி வந்தான். பாவைக் கண்டதும் நின்றான். குனிந்து, ஓரமாய் வந்து, தந்தையின் வேட்டியைப் பற்றிக்கொண்டான். "இவனுக்கு இனிமேல் ஒன்றும் சொல்ல வேண்டாம், ஐயா. மலையிலும் இப்படியே நடப்பான்" என்றார் தந்தை சிரித்தபடி.

மலையும் இன்று அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருக்கிறது. நாமும் சற்று ஒதுங்கி நடப்போம்.