வெள்ளை நாடா

நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்கு எங்கள் அனகாபுத்தூரிலிருந்து பைக்கில் போனால் ரொம்ப நேரம் ஆகாது. போன ஞாயிறு போனேன். புல்லை ஒட்ட வெட்டி, 856 கல்லறைகளை வரிசை பிசகாமல் வைத்திருக்கிறார்கள். நான் நினைத்துக்கொண்டு போன ஆள் அங்கே இல்லை. இல்லை என்று தெரிந்துதான் போனேன். சுபேதார் சுப்பிரமணியன் செத்தது இத்தாலியில்.

காஞ்சிபுரம் பக்கம் கீழ்ஒட்டிவாக்கத்துக்காரர். 1912இல் பிறந்தவர். அப்போது அதுவும் அனகாபுத்தூரும் ஒரே செங்கல்பட்டு ஜில்லா. ஏரியும் நெல்லுமாக இருந்த சீமை. அங்கிருந்து போய்ச் சேர்ந்தது மெட்ராஸ் சாப்பர்ஸில். ராணுவத்தில் அந்தப் படைக்காரர்களுக்கு இன்றைக்கும் 'தம்பி' என்றுதான் பெயர். துப்பாக்கியைவிட மண்வெட்டியும் கடப்பாரையும் அதிகம் புழங்கும் படை. பாலம் போடணும், ரோடு போடணும், எதிரி புதைத்துவிட்டுப் போனதைத் தோண்டி எடுக்கணும். சேற்று வரப்பில் வழுக்காமல் நடந்து வளர்ந்தவனுக்கு மண்ணைப் பார்த்துக் கால் வைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொள்வேன். இது என் கற்பனைதான்.

1944 பிப்ரவரி, இத்தாலி. காசினோ மலையில் இருந்த மடத்தை நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டுத் தகர்த்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பக்கத்தில் மின்யானோ என்ற ஊர். ஜெர்மன்காரர்கள் வழியெல்லாம் கண்ணிவெடி புதைத்திருந்தார்கள். ஒருத்தர் கண்ணிவெடி கண்டுபிடிக்கும் கருவியைத் தரைக்கு மேல் ஆட்டிக்கொண்டே முன்னால் போவார். சோதித்த இடத்துக்கு அடையாளமாகப் பின்னாலேயே வெள்ளை நாடாவை விரித்துக்கொண்டு வருவார்கள். மற்றவர்கள் நாடாவுக்குள்ளேயே கால் வைக்கணும். அப்படி வழி எடுக்கிற வேலையில், 24ஆம் தேதி, ஒரு வெடி கிளம்பிவிட்டது. வெடிக்கப்போகிறது என்று தெரிந்த அந்தச் சில நொடியில் சுப்பிரமணியன் அதன்மேல் விழுந்து உடம்பால் மூடினார். கூட இருந்தவர்களைக் காப்பாற்றிவிட்டு அவர் போனார்.

ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். எதிரியை நேருக்கு நேர் சந்திக்காத இடத்தில் காட்டிய வீரத்துக்கான பதக்கம் அது. புதைத்துவைத்தவன் எதிரிதானே என்று எனக்கு ஒரு பொருமல் உண்டு. அது வேறு வழக்கு.

சுதந்திர இந்தியாவின் ராணுவத்தில் சண்டை போட்டுச் செத்த மேஜர் முகுந்த் வரதராஜனை 'அமரன்' படத்துக்கு அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். தெரியத்தான் வேண்டும், தாம்பரத்துக்காரர். சுப்பிரமணியனை அப்படித் தெரியாது. அவர் வெள்ளைக்காரன் சண்டையில், இரண்டாம் உலகப் போரில் செத்தவர். 25 லட்சம் இந்தியர்கள் படையில் சேர்ந்து, 87,000 பேர் திரும்பாத சண்டை. சுதந்திரம் வந்தபின் அவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது என்று நமக்குத் தெரியவில்லை, எழுதாமலே விட்டுவிட்டோம்.

அன்று சாயங்காலம் எங்கள் தெருத் தறிக்காரரிடம் இதைச் சொன்னேன். அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. நைஜீரியாவுக்குக் கைக்குட்டைத் துணி நெய்த காலத்து ஆள். அவர் பேச்சில் நாடா என்றால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற தறி நாடா. நான் சொன்ன நாடா வேறு என்று புரிய அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. தறியை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டார்.

"அந்த நாடா பருத்தியா சார்?"

"பருத்திதாங்க."

தலையை ஆட்டினார். குனிந்து ஒருமுறை கீழே பார்த்துவிட்டு மிதிகட்டையில் காலை வைத்தார்.