பாதரசமும் வியர்வை ஸ்நானமும்

உஷ்ண அறையில் உட்கார்ந்து வியர்த்தால் உடலிலேறிய பாதரசம் இறங்கிவிடுமென்று சொல்லிப் பணம் பறிக்கும் வியாபாரமொன்று மேனாடுகளிலே கிளம்பி நம் பட்டணங்களையும் எட்டியிருக்கிறது. 'சௌனா' என்பது பின்லாந்து தேசத்தாரின் ஸ்நான முறை. களைப்புத் தீர அதை நாடுவோரோடு நமக்கு வழக்கில்லை. விஷத்துக்கும் அதுவே வைத்தியமென்பதைத்தான் ஆக்ஷேபிக்கிறோம்.

வியர்வையில் சிறிது பாதரசம் வெளிப்படுவது மெய்யே. ஆயினும் அதைப் பிரதானமாய் வெளியேற்றுபவை மலமும் மூத்திரமுமே. பாதரசம் சாதாரண உஷ்ணத்திலேயே ஆவியாகும். சுவாசத்தோடு போன ஆவியில் ஏறக்குறைய நூற்றுக்கு எண்பது பங்கு இரத்தத்திற் கலந்து மூளை வரை செல்லும். கைநடுக்கம், ஈறுவீக்கம், காரணமற்ற கோபம், ஞாபகக்குறைவு இவை அதன் குறிகள். குண்டிக்காயும் கெடும். குண்டிக்காய் கெட்டவனை நீர் வற்ற வியர்க்கவைப்பது என்ன வைத்தியமோ! ஐரோப்பாவில் பதினாறாம் நூற்றாண்டு முதலே மேகநோயாளிகளுக்குப் பாதரசத்தைப் பூசிச் சூடான அறைகளில் அடைத்தார்கள். எவ்வளவு வியர்த்தும் ஈறு அழுகிப் பல் உதிர்ந்ததே கண்ட பலன்.

பணநஷ்டம் ஒருபுறமிருக்கட்டும். விஷம் எவர் ஆலையில் ஏறிற்று என்ற கேள்வியை மறக்கடித்து, அதை நோயாளியின் தோலுக்குரிய காரியமாக்கிவிடுகிறார்களே, அதுதான் பெருந்தீங்கு. கோடைக்கானல் விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் வாட்டர்டவுனிலிருந்து யந்திரங்களைப் பெயர்த்துவந்து 1980-களின் முற்பகுதியில் அங்கே வெப்பமானி ஆலை நிறுவினார்கள். பின்னர் அது ஹிந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், பாதரசம் தோய்ந்த உடைந்த கண்ணாடி 7.4 டன் பழஞ்சாமான் கிடங்கொன்றில் கிடந்தது அம்பலமாயிற்று, ஆலை மூடப்பட்டது. 2003-ல் ஏறக்குறைய 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலேறிற்று. தொழிலாளர் வியாதிக்கு ஆலை காரணமன்றென்றே கம்பெனி சாதித்து வந்தது. 2016-ல்தான், ஜீவகாருண்யத்தை முன்னிட்டென்று சொல்லிக்கொண்டு, பழைய தொழிலாளர் 591 பேர் விஷயத்தில் ராஜிக்கு வந்தது.

ஆலை மூடிப் பதினைந்து வருஷம்! ருசு செய்வதிலுள்ள சங்கடத்தை வக்கீல்கள் அறிவார்கள். உடம்பிலுள்ள இவ்விஷத்திற் பாதி ஏறக்குறைய இரண்டு மாதத்தில் கழிந்துவிடும். விளைத்த சேதமோ நிற்கும். வருஷங்கள் கழித்து மூத்திரத்தைச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. அன்றன்று சோதித்தெழுதிய குறிப்பே சாக்ஷி. அதுவோ முதலாளியின் பெட்டியில். அப்போது அமலிலிருந்த 1948-ம் வருஷத்துப் பாக்டரி சட்டம் பாதரச விஷத்தை அறிவிக்க வேண்டிய வியாதிகளுள் சேர்த்திருந்தது. 1987-ல் கூட்டிய பிரிவு ஆரோக்கியக் குறிப்புகளைத் தொழிலாளி பார்க்கவும் வழி செய்தது. கேட்டு வாங்கியவர் எத்தனை பேர்?

பாதரசம் புழங்குமிடத்தில் உழைப்போரும் அவர்கள் சங்கங்களை நடத்துவோரும், வேலையிலிருக்கும்போதே மூத்திரப் பரிசோதனை செய்வித்து, முடிவின் பிரதியை எழுத்தில் வாங்கி வீட்டில் வைக்க வேண்டும். கை நடுங்கினால் டாக்டரிடம் செல்க. விஷத்தைப் பற்றி மூத்திரத்தில் இறக்கும் மருந்துகள் உண்டு. மறுநாளும் அதே ஆவியைச் சுவாசிக்கப் போகிறவனுக்கு அவையும் உதவா.