எலி வளையானாலும் தனி வளை வேண்டும்

தோட்டத்தில் வேலை உள்ளவரை வீடு உண்டு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. நம்மவர் தலைமுறை தலைமுறையாகக் கண்டுவரும் நியதி இது. 60 வயதில் வேலையைவிட்டு நிற்கும் பால்மரத் தொழிலாளி, சேமநிதிப் பணத்தை வாங்கிய கையோடு முதலில் தேடுவது ஒண்டிக்கொள்ள ஒரு வாடகை வீட்டைத்தான். ஆயுள் முழுதும் சிறுகச் சேர்ந்த பணம் வாடகையாகக் கரைந்துபோகிறது. சொந்த வீடு வாங்கவும், உள்ள வீட்டைச் செப்பனிடவும் அரசாங்கம் தரும் பண உதவி நம் லயன்களுக்கு எட்டுகிறதா? இதுவே இன்று நாம் கேட்க வேண்டிய கேள்வி.

துரைமார் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலத்தில், தொழிலாளி தெருவில் நிற்கக்கூடாது என்று 1960 ஆம் ஆண்டில் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டித் தொழிலாளர்களே தோட்டம் வாங்கினர். பின்னர் 1966 ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புச் சட்டமும், அதன் இடத்தில் 1990 ஆம் ஆண்டின் 446 ஆம் சட்டமும் வந்தன. தோட்டத்து வீடு எப்படி இருக்க வேண்டும், தண்ணீர் வசதி எப்படி இருக்க வேண்டும் என்று அவை விதித்தன. நல்லதே. ஆயினும் இச்சட்டங்கள் பேசுவது நிர்வாகத்தின் வீட்டைப் பற்றி. நம் பெயரில் ஒரு வீடு எழுதப்படுவதைப் பற்றி அவை பேசவில்லை.

வீட்டு உதவித் திட்டங்களுக்கு நாட்டில் குறைவில்லை. கிராமப்புற ஏழைகளுக்குப் புது வீடு கட்டித் தரவும், பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் உதவி உண்டு. ஆனால் மனை தன் பெயரில் இருக்க வேண்டும். இல்லையேல் நிலச் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும். லயனில் குடியிருப்பவனுக்கு மனை ஏது? மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் தீபகற்பத்தில் 35,000 வெள்ளிக்கு வீடு விற்கப்பட்டது. மாத வாடகை 124 வெள்ளிக்கும் விடப்பட்டது. அவ்வீடுகளோ பெரும்பாலும் பட்டணங்களில் எழுந்தன. கிராமத்தானுக்கு உள்ள உதவிக்கும் பட்டணத்தானுக்கு உள்ள உதவிக்கும் நடுவே தோட்டத்தான் நிற்கிறான்.

கணக்கையும் பார்ப்போம். மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்று கொள்வோம். தொழிலாளியின் 11 சதவிகிதமும் முதலாளியின் 13 சதவிகிதமும் சேர்ந்து சேமநிதிக்குச் சுமார் 408 வெள்ளி போகிறது. 2024 மே மாதம் முதல் அதில் 15 சதவிகிதமே வீட்டுக்காக எடுக்கக்கூடிய கணக்கில் சேர்கிறது. அதாவது மாதம் சுமார் 61 வெள்ளி. 60,000 வெள்ளி வீட்டுக்கு வங்கி நூற்றுக்குத் தொண்ணூறு கடன் கொடுத்தாலும், முன்பணம் 6,000 வெள்ளி வேண்டும். இந்த வேகத்தில் அதைச் சேர்க்க எட்டு ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் வீட்டு விலை நின்ற இடத்தில் நிற்குமா?

2011 ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு கடன் திட்டம் அறிவிக்கப்பட்டது. 60,000 வெள்ளிவரை கடன், 4 சதவிகித வட்டி, 40 ஆண்டுத் தவணை. தந்தை கட்டி முடிக்காததை மகன் கட்டலாம். மாதத் தவணை சுமார் 250 வெள்ளிதான் வரும். ஆனால் 40 ஆண்டும் கட்டினால் மொத்தம் 120,000 வெள்ளி! வாங்கியதைப் போல் இரு மடங்கு. கடன் ஒரு வழிதான். ஏழைக்கு வேண்டியது முன்பணத்தில் கைகொடுக்கும் மானியம்.

மாநில அரசு மனம் வைத்தால் முடியும் என்பதற்குப் பினாங்கைப் பாருங்கள். மலிவு விலை அடுக்குமாடிகளில் மின்தூக்கி, கூரை, தண்ணீர்த் தொட்டி முதலியவற்றின் பெரிய பழுதுகளுக்கு 80 சதவிகிதம்வரை மாநிலமே கொடுக்கும் நிதியொன்றை அங்கு ஏற்படுத்தினர். குடியிருப்போர் மிச்சத்தைப் போட்டால் போதும். அடுக்குமாடிக்கு இது தகுமென்றால், தோட்டத்துக்கு ஏன் தகாது?

நிலம் மாநிலத்தின் அதிகாரம். ஊராட்சி மன்றங்களும் மாநிலத்தின் கீழேதான். 1965 இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டபின், மன்ற உறுப்பினரை நாம் ஓட்டுப் போட்டு அமர்த்துவதில்லை. ஆகவே நம் கோரிக்கையைச் சட்டமன்ற உறுப்பினரிடமே நேராக வைக்க வேண்டும். கோரிக்கைகள் மூன்று.

முதலாவது, தோட்டக் குடும்பம் முதல் வீடு வாங்கும்போது முன்பணத்தில் ஒரு பகுதியை மாநிலம் மானியமாகத் தரட்டும். இரண்டாவது, தோட்ட நிலத்தை வீடமைப்புக்கோ தொழிலுக்கோ மாற்ற மாநிலத்தின் அனுமதி தேவை. அங்கே குடியிருக்கும் தொழிலாளருக்கு வீடு என்ற நிபந்தனையை அந்த அனுமதியிலேயே எழுதட்டும். சிலாங்கூரில் ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்கள் இருபது ஆண்டுக்கு மேல் வீட்டுக்காகக் காத்துக் கிடந்த கதை இனி எங்கும் வேண்டாம். மூன்றாவது, செப்பனிடும் உதவி கேட்போரிடம் நிலப் பத்திரம் ஒன்றையே கேட்டு நிற்காமல், நீண்டகாலக் குடியிருப்பையும் தகுதியாக ஏற்கட்டும்.

நம் பங்கும் உண்டு. வீட்டுக்கான முயற்சியை 55 வயதில் தொடங்கினால் எந்த வங்கியும் முகம் கொடுக்காது. 35 இல் தொடங்க வேண்டும். மாநில வீடமைப்பு இலாகாவில் பெயரைப் பதிந்து வையுங்கள். சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வாங்கிய வீட்டில் அடுப்படியை நீட்ட நினைத்தால் முதலில் மன்றத்தில் அனுமதி பெறுங்கள். இல்லாவிட்டால் கட்டியதை இடிக்கச் சொல்லி நோட்டீசு வரும். லயன் வீட்டுக் கூரை ஒழுகினால் அதைச் செப்பனிட வேண்டியவர் நிர்வாகத்தார். கைப்பணத்தைப் போடாமல் சங்கத்திடமும் தொழிலாளர் இலாகாவிடமும் எழுத்தில் புகார் கொடுங்கள்.

கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. பாரம் மலாய் மொழியில் இருக்கிறது. அதைப் பூர்த்தி செய்யத் தெரியாமல் எத்தனையோ குடும்பங்களின் வாய்ப்பு தவறிப்போகிறது. சம்பள நாளில் ஒரு மணி நேரம் ஆபீசு மேசையில் கூடுதலாக உட்கார்ந்தால் பத்துக் குடும்பத்தின் பாரம் எழுதி முடியும். நாமும் நிர்வாக வீட்டில் குடியிருப்பவர்கள்தாம். சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாள் நமக்கும் உண்டு.

ஒவ்வொரு கிளையும் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசி, சொந்த வீடு இல்லாத குடும்பங்களின் பட்டியலைத் தயாரித்துத் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும். கையில் பட்டியல் இருந்தால்தான் மந்திரி சபையின் கதவைத் தட்ட முடியும். தட்டுவோம், தோழர்களே!